‘டி2’ என்றால் இரண்டாம் கட்டமா?

கடிதத்தின் சுருக்கம்

வாசகிக்கு வயது 36. மூன்று வயதில் ஒரு மகள். கழுத்தின் வலப்பக்கம் கட்டி தட்டுப்பட, ஸ்கேன் எடுத்திருக்கிறார். ரத்தத்தில் தைராய்டு அளவுகள் எல்லாம் சரியாக இருந்தன. ஊசிப் பரிசோதனையில் ‘பெதஸ்டா 4, ஃபாலிகுலர் நியோபிளாசம்’ என்று வந்தது. தைராய்டு சுரப்பியின் வலது மடலை மட்டும் நீக்கினார்கள். மூன்று வாரம் கழித்து வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில், ‘பாப்பில்லரி கார்சினோமா, ஃபாலிகுலர் உள்வகை, உறை சூழ்ந்தது, உறை ஊடுருவல் உண்டு, அளவு 2.1 செ.மீ., விளிம்புகள் சுத்தம், மூன்று நிணநீர் முடிச்சுகளிலும் நோய் இல்லை, பிடி2 என்0’ என்று இருக்கிறது. மீதி மடலையும் எடுத்து ரேடியோ அயோடின் (கதிர்வீசும் அயோடின் மருந்து) கொடுக்கலாம், காத்திருந்தும் பார்க்கலாம், நீங்களே முடிவு செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு வருடத்துக்குள் இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தார்கள்.

அவர் கேட்பவை: இரண்டு பரிசோதனையும் இரண்டு பெயர் சொல்கின்றன, எதை நம்புவது? ஹார்மோன் சரியாக இருக்கும்போது புற்றுநோய் எப்படி வரும்? டி2 என்பது இரண்டாம் கட்டமா? அப்பாவின் அக்கா 71 வயதில் தைராய்டு கட்டி வந்து நான்கே மாதத்தில் இறந்தார், தனக்கும் அதுதானா? தெரிந்தவர்கள் ‘இது நல்ல புற்றுநோய், விட்டுவிடு’ என்கிறார்களே, விடலாமா? கடைசியாக ஒரு வரி: கணவரின் அண்ணனுக்கு ‘மெடுல்லரி’ என்ற வகைத் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லி, உடன்பிறந்தவர்களையும் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்களாம். ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று கணவர் போகவில்லை. தனக்குத்தான் புற்றுநோய் வந்துவிட்டதே, மகளுக்கும் அந்தப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் எழுதிய வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. உங்களைப் பற்றிய கேள்விகளில் எதற்கும் இந்த வாரமே முடிவெடுக்கத் தேவையில்லை. போகிற போக்கில் கணவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அவசரம் அந்த வரியில்தான் இருக்கிறது.

முதலில் கணவர்

தைராய்டு சுரப்பிக்குள் இரண்டு குடும்பத்துச் செல்கள் குடியிருக்கின்றன. பெரும்பான்மை ஃபாலிகுலர் செல்கள். ரத்தத்திலிருந்து அயோடினை இழுத்து ஹார்மோன் செய்வது இவற்றின் வேலை. பாப்பில்லரி, ஃபாலிகுலர், ஆன்கோசைட்டிக், அனபிளாஸ்டிக் என்ற புற்றுநோய்கள் எல்லாம் இவற்றிலிருந்து வருபவை. இவற்றுக்கு இடையில் மிகக் குறைந்த எண்ணிக்கையில் சி செல்கள் இருக்கின்றன. இவை கால்சிடோனின் சுரப்பவை, அயோடினோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவை. மெடுல்லரி இந்தச் சி செல்களில் தோன்றுவது. அதனால்தான் ரேடியோ அயோடின் மெடுல்லரியைத் தொடாது. ஃபாலிகுலர் செல்கள் சுரக்கும் தைரோகுளோபுலின் என்ற புரதத்தை வைத்துக் கண்காணிப்பதும் நடக்காது, ரத்தத்தில் கால்சிடோனினும் சிஇஏ என்ற புரதமும் பார்க்க வேண்டும். ஆக, உங்கள் கணவரின் அண்ணனுக்கும் உங்களுக்கும் ஒரே உறுப்பில் நோய், ஆனால் ஒரே நோய் இல்லை.

மெடுல்லரி நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது பரம்பரையாக வந்தது. காரணம் ‘ரெட்’ என்ற மரபணுவில் பிறவியிலேயே உள்ள மாற்றம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை, வயதான பிறகுதான் வந்தது என்றாலும்கூட, மெடுல்லரி என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் இந்த ரெட் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நிலைத்த விதி. உடன்பிறந்தவர்களை அழைத்தார்கள் என்றால் இரண்டில் ஒன்று: அண்ணனுக்கு மாற்றம் இருப்பது தெரிந்திருக்கும், அல்லது முடிவு வருவதற்கு முன்பே முன்னெச்சரிக்கையாகச் சொல்லியிருப்பார்கள். எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணனின் ரெட் முடிவு ‘மாற்றம் இல்லை’ என்றால் கணவரும் மகளும் நிம்மதியாக இருக்கலாம், பரிசோதனை தேவையில்லை. ‘உண்டு’ என்றால் கணவருக்கும் அதே மாற்றம் இருக்க 50 சதவீத வாய்ப்பு. அண்ணனிடம் கண்ட அந்த ஒரு மாற்றத்தை மட்டும் கணவரின் ரத்தத்தில் தேடினால் போதும், வாழ்நாளில் ஒரே முறை. கணவருக்கு இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது, மகளைத் தொடவே வேண்டாம். இருந்தால் மட்டும் மகளுக்குப் பார்க்க வேண்டும், அதையும் தள்ளிப்போடக் கூடாது. ரெட் மரபணுவின் எந்த இடத்தில் மாற்றம் என்பதைப் பொறுத்து குழந்தைக்கு எப்போது தைராய்டை எடுப்பது என்று முடிவாகும். 918ஆம் இடத்து மாற்றத்துக்கு முதல் பிறந்த நாளுக்குள், 634ஆம் இடத்துக்கு ஐந்து வயதுக்குள், மிதமானவற்றுக்குக் கால்சிடோனின் ஏறும்வரை காத்திருக்கலாம். உங்கள் மகளுக்கு மூன்று வயது என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று கணவர் சொல்வதில் ஒரு பொருளும் இல்லை. கழுத்தில் கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சி செல்கள் பெருகத் தொடங்கியிருக்கும். இன்னொன்றும் உண்டு. இதே ரெட் மாற்றம் சிறுநீரகத்துக்கு மேல் உள்ள அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டியையும் உண்டாக்கக்கூடும். அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்தாகும். எனவே மாற்றம் உறுதியான பெரியவருக்கு எந்த ஆபரேஷனுக்கு முன்பும், அந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் அளவு பார்த்தாக வேண்டும்.

உங்கள் புற்றுநோய்க்கும் இந்தப் பரிசோதனைக்கும் சம்பந்தம் கிடையாது. உங்கள் ரத்தத்தில் ரெட் பார்க்க வேண்டாம். மகளுக்கு அந்த ஆபத்து இருக்குமானால் அது அப்பா வழியில்தான்.

ஊசி ஒன்று சொன்னது, பயாப்ஸி வேறு சொன்னது

ஊசிப் பரிசோதனை தப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். அது தன்னால் முடிந்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. மெல்லிய ஊசியில் வருவது உதிரிச் செல்கள். நாலு செங்கல்லை உருவிப் பார்த்து வீட்டு மதில் எங்கே இடிந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? ஃபாலிகுலர் அமைப்புள்ள கட்டியில் சாதாரணக் கட்டிக்கும் புற்றுநோய்க்கும் செல்லைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. கட்டியைச் சுற்றியிருக்கும் நார் உறையை அது துளைத்திருக்கிறதா, ரத்தக்குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கு முழுக் கட்டியும் மேசைக்கு வர வேண்டும். ‘பெதஸ்டா 4’ என்பதன் பொருள் ‘இதற்கு மேல் ஊசியால் சொல்ல முடியாது, எடுத்துப் பாருங்கள்’ என்பதுதான். ஊசிப் பரிசோதனை முடிவுகளை ஆறு பிரிவாக்கும் பெதஸ்டா முறையின், 2023இல் வந்த மூன்றாம் பதிப்பின்படி இந்தப் பிரிவில் பத்துப் பேரில் சுமார் மூன்று பேருக்குத்தான் கடைசியில் புற்றுநோயாக இருக்கிறது. பெதஸ்டா 6 என்றால் 97 சதவீதம். முழுச் சுரப்பியையும் எடுக்காமல் ஒரு மடலோடு நிறுத்திய உங்கள் டாக்டரின் முடிவு இந்தக் கணக்கில் சரியானது.

ஹார்மோன் விஷயமும் இதோடு சேர்ந்ததே. ரத்தத்தில் பார்க்கும் டிஎஸ்எச், டி3, டி4 என்ற ஹார்மோன் அளவுகள் சுரப்பி வேலை செய்கிறதா என்று சொல்லும், அதற்குள் என்ன வளர்கிறது என்று சொல்லாது. தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அளவுகள் சரியாகவே இருக்கும்.

உங்கள் ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு வரி

பாப்பில்லரி என்ற பெயர் செல்லின் உட்கருவைப் பார்த்து வைப்பது. வெளிறி, கண்ணாடி போலத் தெளிந்து, காப்பிக்கொட்டை போல நடுவில் பள்ளம் விழுந்த உட்கருக்கள் தெரிந்தால், திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்கூறு டாக்டர் பாப்பில்லரி என்று எழுதுவார். தைராய்டு புற்றுநோய்களில் பத்தில் எட்டுக்கு மேல் இந்த வகையே. வழக்கமான பாப்பில்லரி நிணநீர் வழியாகக் கழுத்து முடிச்சுகளுக்குப் போகும், பெரும்பாலும் மெதுவாக. ஃபாலிகுலர் கார்சினோமா ரத்த வழியாக நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகும், முடிச்சுகளை அதிகம் தொடாது.

உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உட்கரு பாப்பில்லரி, ஆனால் வளர்ந்த அமைப்பும் குணமும் ஃபாலிகுலர். உறை சூழ்ந்து, அந்த உறையைத் துளைத்த இந்த வகையை உலக சுகாதார நிறுவனம் தன் 2022ஆம் வருட வகைப்பாட்டில் தனியாகவே பிரித்துவிட்டது. இதே கட்டி உறையைத் துளைக்காமல் இருந்திருந்தால் அதைப் புற்றுநோய் என்றே எழுதியிருக்க மாட்டார்கள். 2016 முதல் அதன் பெயரிலிருந்து ‘கார்சினோமா’ என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள்.

இதிலிருந்து வரும் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். மூன்று முடிச்சும் சுத்தம் என்பதில் நீங்கள் நிறைய ஆறுதல் அடைந்திருக்கிறீர்கள். சாதாரண பாப்பில்லரி என்றால் அது நியாயம். உங்கள் வகை முடிச்சு வழியாக அவ்வளவாகப் போவதில்லை. இங்கே எடை அதிகமுள்ள வரி ‘ரத்தக்குழாய் ஊடுருவல்’. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் அந்த வரியே இல்லை. ‘இல்லை’ என்று எழுதப்படவில்லை, விடுபட்டிருக்கிறது. இரண்டாவது ஆபரேஷன் வேண்டுமா என்ற கேள்வி முழுவதும் இந்த விடுபட்ட வரியில்தான் தொங்குகிறது. இதை நிரப்பாமல் ‘நீங்களே முடிவு செய்யுங்கள்’ என்று உங்களிடம் விட்டது எனக்குச் சரியாகப் படவில்லை.

செய்ய வேண்டியது இது. ஆபரேஷன் நடந்த இடத்தில் எழுதிக் கேட்டு, கண்ணாடி ஸ்லைடுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டைகளையும் வாங்குங்கள். வேறொரு நிபுணரின் கருத்துக்காக இவற்றைக் கேட்பது நோயாளியின் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை. தைராய்டு அதிகம் பார்க்கும் நோய்க்கூறு டாக்டரிடம் கொடுத்து இவற்றைக் கேளுங்கள்:

• கட்டியின் உறை முழுவதையும் துண்டு போட்டுப் பார்த்தார்களா, சில துண்டுகள் மட்டுமா? மீதி திசு இருந்தால் அதையும் பார்க்க முடியுமா?

• உறையை முழுத் தடிமனும் துளைத்து வெளியே காளான் குடைபோல விரிந்திருக்கிறதா? ஊசி போன தடத்தில் ரத்தம் கசிந்து ஆறிய வடுவும் சில நேரம் ஊடுருவல் போலத் தெரியும், இது அதுவா?

• உறைக்குள்ளோ வெளியிலோ உள்ள ரத்தக்குழாய்களில் கட்டி புகுந்திருக்கிறதா? எத்தனை குழாய்களில்?

• செல் பிரிதல் எவ்வளவு? செத்த திசு இருக்கிறதா? 2 சதுர மி.மீ. பரப்பில் ஐந்து அல்லது அதற்கு மேல் பிரிதலோ, செத்த திசுவோ இருந்தால் அது உயர்தரக் கட்டி என்ற வேறு பிரிவுக்குப் போய்விடும்.

ரத்தக்குழாய் ஊடுருவலைக் கண்டுபிடிப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் வேலை. ஸ்லைடு வெட்டும்போது உதிரும் செல் குழாய்க்குள் விழுந்தாலும் ஊடுருவல் போலத் தெரியும். கட்டி குழாய்ச் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், அல்லது அதைச் சுற்றி ரத்தம் உறைந்திருக்க வேண்டும், அல்லது குழாயின் உள்தோல் அதன் மேல் படர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் கணக்கு. ஆகவே இரண்டாவது ஜோடிக் கண் பார்ப்பதில் வெட்கமோ அவநம்பிக்கையோ இல்லை.

டி2

‘பிடி2 என்0’ என்பதில் ‘பி’ என்றால் எடுத்த திசுவைப் பார்த்துச் சொன்னது, ‘என்0’ என்றால் முடிச்சில் நோய் இல்லை. டி என்பது கட்டியின் அளவைச் சொல்லும் எழுத்து. 2 செ.மீ.க்கு மேல் 4 செ.மீ. வரை, சுரப்பிக்குள் அடங்கியது என்றால் டி2. உங்களுடையது 2.1. ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தால் டி1 ஆகியிருக்கும். கட்டம் என்பது வேறு. புற்றுநோய்க் கட்டங்களை வகுக்கும் ஏஜேசிசி கையேட்டின், 2018 முதல் நடைமுறையில் உள்ள எட்டாம் பதிப்புக் கணக்கில், பாப்பில்லரி, ஃபாலிகுலர் வகைகளில் 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மொத்தமே இரண்டு கட்டங்கள்தான். உடலின் தொலைவான இடங்களுக்குப் பரவாதது முதல் கட்டம், பரவியது இரண்டாம் கட்டம். அளவும் முடிச்சும் இதில் கணக்கில்லை. பரவல் இல்லாதவரை நீங்கள் முதல் கட்டம். மெடுல்லரிக்கும் அனபிளாஸ்டிக்கிற்கும் அட்டவணைகள் தனி, இந்த வயது விதி அங்கே செல்லாது. கணவரின் அண்ணனின் ரிப்போர்ட்டோடு உங்களுடையதை வைத்து ஒப்பிட வேண்டாம்.

அத்தைக்கு வந்தது

71 வயது, வேகமாக வளர்ந்த கட்டி, நான்கு மாதத்தில் மரணம். இந்தச் சித்திரம் அனபிளாஸ்டிக் கார்சினோமாவுக்குப் பொருந்துகிறது. தைராய்டு புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றிரண்டு மட்டுமே இது. பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. வாரக்கணக்கில் கழுத்து கல்லாக இறுகி, குரல் மாறி, விழுங்கச் சிரமப்பட்டு, மூச்சுக்குழாய் நெரிபடும். கண்டுபிடித்த நாளிலேயே அது நான்காம் கட்டமாகவே எழுதப்படும். இன்று இந்த நோய் சந்தேகப்பட்டால் அன்றைக்கே ‘பிராஃப்’ மரபணுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க அமெரிக்காவில் 2018 முதல் அனுமதி இருக்கிறது. சிலருக்கு அதில் கட்டி நன்றாகச் சுருங்குகிறது.

அத்தைக்கு பயாப்ஸி எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வயதானவர்களின் கழுத்தில் சட்டென்று வீங்கும் இன்னொரு நோய் தைராய்டு லிம்ஃபோமா. அதற்கு ஆபரேஷனைவிட மருந்தும் கதிர்வீச்சும்தான் வேலை செய்யும். எதுவாக இருந்தாலும் உங்களுக்கு வந்திருப்பது அது அல்ல. அனபிளாஸ்டிக் பரம்பரையாக இறங்கும் நோயாகவும் அறியப்படவில்லை. சில நேரங்களில், பல வருடம் கவனிக்காமல் விட்ட பாப்பில்லரியோ ஃபாலிகுலரோ முதுமையில் இந்த உருவம் எடுப்பதுண்டு. உங்கள் கட்டி முழுதாக எடுக்கப்பட்டுவிட்டது.

குடும்பத்தில் வேறு இரண்டு விஷயங்களை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது பெருங்குடலில் ஏராளமான பாலிப்கள் இருந்தனவா? இளவயதில் மார்பகம், கருப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் உண்டா? உண்டு என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். பாப்பில்லரி, ஃபாலிகுலர் வகைகள் கூட வரும் சில பரம்பரை நோய்க்கூட்டங்கள் இருக்கின்றன. சிறுவயதில் கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

‘நல்ல புற்றுநோய்’ என்கிறார்களே

இந்தச் சொல் எனக்குப் பிடிக்காது, ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். தென்கொரியாவில் ஸ்கேன் மூலம் தேடத் தொடங்கியதும் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் எண்ணிக்கை 15 மடங்கானது. அதனால் இறப்பவர்களின் எண்ணிக்கை அசையவில்லை. பெரும்பாலும் சின்னஞ்சிறு பாப்பில்லரிகள், தேடாமல் இருந்திருந்தால் தெரிந்தே இருக்காது. ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனை 1993 முதலே 1 செ.மீ.க்குள் அடங்கிய பாப்பில்லரிகளை வெட்டாமல் ஸ்கேனில் கண்காணித்து வருகிறது. பெரும்பாலானவை வளரவே இல்லை.

அந்த அனுபவத்தை எடுத்து 2.1 செ.மீ. கட்டிக்கும், மற்ற உள்வகைகளுக்கும் ஒட்டக் கூடாது. பாப்பில்லரியிலேயே உயரச் செல் வகை, ஹாப்நெய்ல் வகை போன்றவை வேகமானவை. முன்பு ஹர்த்தில் செல் என்று அழைத்த ஆன்கோசைட்டிக் வகை அயோடினைச் சரியாக உள்வாங்காது. ரிப்போர்ட்டில் முதல் வரியோடு நிறுத்திவிட்டு ‘பாப்பில்லரிதானே’ என்று மடித்து வைப்பவர்கள் தவறுவது இங்கேதான். உங்களுக்கான சரியான சொல், இப்போதைக்கு, ‘பெரும்பாலும் ஆபத்துக் குறைந்தது, ஒரு வரி பாக்கி’.

இரண்டாவது ஆபரேஷனும் அயோடினும்

அயோடின் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று இடையில் கேட்டிருக்கிறீர்கள். இடது மடல் இருக்கும்வரை அது முடியாது. ஆரோக்கியமான மடல் கொடுத்த அயோடின் முழுவதையும் குடித்துவிடும், மிச்சம் மீதி நோய்ச் செல்லுக்கு எதுவும் போய்ச் சேராது. அயோடின் வேண்டுமென்றால் மடலை எடுத்தாக வேண்டும். இரண்டும் ஒரே முடிவு.

ரத்தக்குழாய் ஊடுருவல் இல்லை, உறை ஊடுருவல் மட்டும் என்று மறுபார்வையில் வந்தால் என் கருத்து தெளிவானது: ஒரு மடல் நீக்கியது போதும். 4 செ.மீ.க்குள், சுரப்பிக்குள் அடங்கிய, முடிச்சில் இல்லாத கட்டிக்கு ஒரு மடல் நீக்கம் முழுமையான சிகிச்சையாக ஏற்கப்பட்டிருக்கிறது. அயோடினைப் பொறுத்தவரை, 2022இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், 2 செ.மீ. வரையிலான குறைந்த ஆபத்துக் கட்டிக்காகத் தைராய்டு முழுவதையும் நீக்கிய 776 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று வருட முடிவில் அயோடின் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் இருவரிலும் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் இருந்தார்கள். உங்கள் கட்டி அந்த எல்லையை ஒரு மில்லிமீட்டர் தாண்டுகிறது என்பதை மறைக்கவில்லை, ஆனால் உடல் மில்லிமீட்டர் பார்த்து நடப்பதில்லை.

ஒன்று முதல் மூன்று குழாய்களில் ஊடுருவல் என்று வந்தால் அது நடுநிலம். அறுவை சிகிச்சை டாக்டர், நாளமில்லாச் சுரப்பி டாக்டர், அணு மருத்துவ டாக்டர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் குழுவில் உங்கள் ரிப்போர்ட்டை வைக்கச் சொல்லுங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழாய்கள் என்றால் மீதி மடலை எடுத்து அயோடின் கொடுப்பதற்குத் தயங்கக் கூடாது.

‘எதற்கும் எடுத்துவிட்டால் நிம்மதி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு. தைராய்டின் பின்புறம் இரு பக்கமும் ஒவ்வொரு குரல் நரம்பு ஓடுகிறது. ஒன்று பழுதானால் குரல் கம்மும். இரண்டும் பழுதானால் குரல்நாண்கள் மூடிக்கொண்டு மூச்சே தடைபடும், தொண்டையில் துளையிட நேரலாம். எனவே இரண்டாவது ஆபரேஷனுக்குச் சம்மதிப்பதற்கு முன், முதல் ஆபரேஷன் நடந்த வலப்பக்கக் குரல்நாண் சரியாக அசைகிறதா என்று குழாய்க் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குரல் நன்றாக இருந்தாலும் பார்க்க வேண்டும், ஒரு நாண் செயலிழந்தும் சாதாரணமாகப் பேசுபவர்கள் உண்டு. அடுத்து, நெல்மணி அளவில் பொதுவாக நான்கு இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். அவற்றின் ரத்த ஓட்டம் கெட்டால் கால்சியம் இறங்கி உதட்டோரமும் விரல் நுனியும் மரத்து, கை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு ஆயுளுக்கும் கால்சியம் மாத்திரை. தைராக்சின் மாத்திரை எல்லோருக்கும் ஆயுளுக்கும், எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம்.

குழந்தை

ரேடியோ அயோடின் எடுத்தால் குறைந்தது ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது. கொடுப்பதற்கு முன் கர்ப்பம் இல்லை என்று பரிசோதித்தாக வேண்டும். ஆபரேஷன், அயோடின், அதற்குப் பிறகு மாத்திரை அளவு நிலைப்பது எல்லாம் சேர்ந்தால் உங்கள் திட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும்.

அதெல்லாம் வேண்டாம் என்று முடிவானால் நீங்கள் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. நோய் மிச்சமில்லாதவர்களுக்குக் கர்ப்பத்தால் அது திரும்ப வருவதாகத் தெரியவில்லை. பார்க்க வேண்டியது ஒன்றே, மீதி மடல் போதுமான ஹார்மோன் தருகிறதா என்பது. ஒரு மடல் எடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மாத்திரை தேவைப்படும். ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரம் டிஎஸ்எச் பாருங்கள். கருத்தரிக்க முயலும்போது அது 2.5க்குக் கீழே இருக்க வேண்டும். கர்ப்பம் உறுதியான அன்றே மறுபடி பார்த்து, பிறகு பாதிக் கர்ப்பக்காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் ஹார்மோன் தேவை கால் பங்கு முதல் அரைப் பங்குவரை கூடும், ஒற்றை மடலால் அதை எப்போதும் ஈடுகட்ட முடியாது. மாத்திரை எடுக்க நேர்ந்தால் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, சாப்பிடுவதற்கு அரைமணி முதல் ஒரு மணிநேரம் முன்பு. கர்ப்பத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணிநேர இடைவெளி வேண்டும். இந்த இடைவெளியை விடாததால் ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவது தினமும் நடக்கிறது.

இனி வரும் நாட்கள்

ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கழுத்து ஸ்கேன் எடுங்கள். இடது மடலையும் இரு பக்கக் கழுத்து முடிச்சுகளையும் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனை உங்களுக்கு இப்போது அதிகம் உதவாது. இடது மடலே அதைச் சுரப்பதால் பூஜ்யம் வராது, வராததைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பார்த்தால், அதற்கான எதிர்ப்புரதமும் சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும்.

கட்டி எடுத்த இடத்திலோ பக்கத்திலோ புதிதாக வீக்கம், குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல், விழுங்கும்போது தடை, காரணமில்லாத எலும்பு வலி: இவற்றுக்கு அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

ஸ்லைடுகளைக் கேட்டு இந்த வாரமே கடிதம் கொடுங்கள், மறுபார்வைக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அது வருவதற்குள் ஆறாவது வார டிஎஸ்எச் முடிவும் உங்கள் கையில் இருக்கும். அண்ணனுக்கு ரெட் மாற்றம் உண்டு என்றால், அந்த ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் கணவரையும் கூட்டிப் போங்கள். அதற்கு முன் அண்ணனின் ரெட் ரிப்போர்ட்டை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாற்றத்தைத் தேடுவது என்று அதில்தான் எழுதியிருக்கும்.